நிற்பதற்கு ஒரு யோக்கியதை

மோட்டார் வாகனம் வைத்திருக்கும் எவரிடமேனும் அதன் வேகத்தைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால் பொழுது விடியும்வரை பிரசங்கம் செய்வாரே தவிர, அது நிற்கும் விதத்தைப் பற்றி, அது நிற்காமற்போகும் நாள் வரும்வரையில், ஒரு வார்த்தையும் சொல்லமாட்டார் என்பது என்னுடைய நெடுநாளைய அபிப்பிராயம். இதற்கு விலக்காக வந்து வாய்த்தவன் என் தமக்கையின் குமாரன். என்னுடைய பழைய சிறிய காரின் முன்சக்கரப் பிரேக் பேட்டுகள் தேய்ந்து, மிதிக்குந்தோறும் தெருவே திரும்பிப் பார்க்கும்படியான ஒரு கீச்சுக்குரலை அவை எழுப்பத் தொடங்கியபோது, "மாமா, கம்பெனி பேட் போட்டு ஏமாந்துடாதீங்க. பெர்ஃபார்மன்ஸ் பேட் போட்டுப் பாருங்க, வண்டி ஆணி அடிச்ச மாதிரி நிக்கும்" என்று அவன் உபதேசம் செய்தான். மாம்பலத்துக்கும் கிண்டிக்கும் இடையில் என் வண்டி ஓடுவதைக் காட்டிலும் நிற்பதே அதிகம் என்பதை எடுத்துக் கூறி மறுக்கலாம் என்று முதலில் நினைத்தேன். ஆனால் நிற்பதையே பிரதான தொழிலாகக் கொண்ட ஒரு வண்டி அந்தத் தொழிலில் சிறந்து விளங்க வேண்டாமா என்று அவன் திருப்பிக் கேட்பான் என்பது தெரிந்திருந்ததால் மௌனமாக அவனுடன் புறப்பட்டேன்.

சென்னையில் வாகன உறுப்புகள் வேண்டுவோர் சென்றடையும் புண்ணியத் தலம், அண்ணா சாலையிலிருந்து பிரியும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை, ஜி.பி. ரோடு என்றால்தான் ஆட்டோக்காரருக்குப் புரியும். அங்கே ஒரு கடையில், பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று வர்ண வேற்றுமையோடு பேட்டுகளைப் பரப்பி வைத்தார்கள். இ.பி.சி. என்னும் இங்கிலாந்துக் கம்பெனியார் பச்சையைத் தெருவில் சற்று உற்சாகமாக ஓட்டுபவருக்கும், சிவப்பைக் கனமும் வேகமும் மிகுந்த வண்டிகளுக்கும், மஞ்சளை இன்னும் உக்கிரமாக ஓட்டுபவருக்கும் என வகுத்திருக்கிறார்களாம். சாலைச் சந்தியில் நிற்கவும் போகவும் தயங்கவும் தனித்தனியே ஒதுக்கப்பட்ட வர்ணங்கள் அத்தனையும் இங்கே ஒருமனதாக 'நில்' என்றே கட்டளையிடுவதைக் கண்டு நான் பெரிதும் திருப்தியடைந்தேன்.

வேறு சில பேட்டுகளின் விளிம்பில் எஃப்.எஃப்., ஜி.ஜி. என்று இரட்டை எழுத்துகள் பொறித்திருந்தன. முதல் எழுத்து சாதாரண உஷ்ணத்திலும், இரண்டாவது எழுத்து கடுஞ்சூட்டிலும் அந்தப் பொருளின் உராய்வுத் திறன் இவ்வளவு என்று குறிப்பவை. இ என்றால் 0.25 முதல் 0.35 வரை, எஃப் என்றால் 0.45 வரை, ஜி என்றால் 0.55 வரை. மருமகன் ஜி.ஜி.யையும் தாண்டி ஒரு பந்தயப் பேட்டைத் தடவித் தடவிப் பார்த்தான். கடைக்காரரோ என்னை ஏற இறங்க ஒருமுறை பார்த்துவிட்டு, "வண்டி எங்க சார் ஓடும்? என்ன ஸ்பீடு போவீங்க?" என்று கேட்டார். பெண் பார்க்க வந்த இடத்தில் சம்பளத்தைக் கேட்டாற்கூட அவ்வளவு கூச்சம் வந்திராது. நாற்பது என்றேன். நாற்பதிலும் ஒரு கௌரவத்துக்காகச் சற்றுக் கூட்டியே சொன்னேன் என்பதை அவருடைய புன்னகை தெரிந்துகொண்டது. "அப்ப இது எதுக்கு சார்? இது ரேஸ் சரக்கு. சூடேறினாத்தான் பிடிக்கும்."

வியாபாரியின் வாயிலிருந்து இத்தகைய சத்தியம் வெளிப்படுவது அபூர்வமாகையால் வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். பிரேக் என்பது ஓட்டத்தை உஷ்ணமாக மாற்றும் ஒரு சாதனமே அன்றி வேறில்லை. ஒரு டன் எடையுள்ள வண்டி நாற்பது கிலோமீட்டர் வேகத்திலிருந்து முழுதாக நிற்கும்போது பிறக்கும் உஷ்ணம், ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. அதாவது, சைதாப்பேட்டைச் சிக்னலில் நான் நிற்பது ஒரு டம்ளர் வெந்நீர். அதுவும் விளக்கு மீண்டும் பச்சையாவதற்குள் பாதி ஆறிவிடும். அதே வண்டி உதகமண்டலத்திலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு ஏறக்குறைய 1,900 மீட்டர் இறங்கும்போது, இஞ்சினும் காற்றும் தம் பங்கை ஏற்காவிட்டால், பிரேக்கின் தலையில் விழுவது அறுபது லிட்டர் வெந்நீர். ஒரு கல்யாண வீட்டுக்குக் காலைக் காப்பி போடலாம். சில நூறு டிகிரி ஏறிய பிறகே முழு வலிமையும் பெறும் பந்தயப் பேட்டை என் வண்டியில் மாட்டினால், அது கண் விழிப்பதற்குள் அலுவலகம் வந்துவிடும். வழியில் முன்னே நிற்கும் பேருந்தோ அது கண் விழிக்கும்வரை காத்திராது.

மருமகன் இதற்கும் அசையவில்லை. குளிரிலும் சூட்டிலும் ஒருங்கே பிடிக்கும் நடுத்தரமான பேட்டுகளும் உண்டே என்றான். உண்டு, கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டைஊசி வளைவுகளிலும் இரண்டாம் கியரில் இறங்கும் பொறுமை இல்லாதவருக்கு அவை உயிர்த்துணையாகவும் ஆகலாம். ஆனால் பெடலை மூச்சைப் பிடித்து மிதித்தால் சாதாரணப் பேட்டே சக்கரத்தைப் பூட்டிவிடுகிறது. அதற்கு மேல் வண்டியை நிறுத்த வேண்டியது டயருக்கும் தாருக்கும் இடையேயுள்ள விவகாரம். மொட்டை டயரை வைத்துக்கொண்டு பேட்டில் பணத்தைக் கொட்டும் வாலிபர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். டிஸ்க் சீக்கிரம் தேய்வதும், சக்கரத்தில் கரும்பொடி படிவதும், காலைக் குளிர்ச்சியில் கிரீச்சிடுவதும் இந்தப் பிரதாபத்தோடு சேர்ந்து வரும் சீதனங்கள்.

பிரேக்குக்குப் பேட்டு மாட்டும் இந்தக் கலைக்கு மூலபுருஷர் யார் என்று தேடினால் ஒரு ஸ்திரீயிடம் போய் முடிகிறது. 1888-இல் பெர்த்தா பென்ஸ் அம்மையார், கணவருக்குச் சொல்லாமல் அவர் செய்த மோட்டார் வண்டியில் இரு புதல்வர்களையும் ஏற்றிக்கொண்டு, மான்ஹைமிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் அப்பாலிருந்த ஃபோர்ட்ஸ்ஹைமுக்குப் பிறந்தகப் பிரயாணம் போனார். வழியில் மரப் பிரேக் கட்டைகள் தேய்ந்துபோகவே, ஒரு கிராமத்துச் செருப்புத் தைப்பவரிடம் வண்டியை நிறுத்தி அவற்றின்மேல் தோலை அடிக்கச் சொன்னார். அந்த மனிதர் என்ன வேகம் போவீர்கள் அம்மா என்று கேட்டதாகச் சரித்திரம் சொல்லவில்லை. சில வருஷங்களுக்குப் பின், 1897-இல், இங்கிலாந்தில் ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர், பார வண்டிக்காரர்கள் பழைய பூட்ஸ் தோலைப் பிரேக் கட்டையில் அறைந்துகொள்வதைக் கவனித்து, ஃபெரோடோ என்னும் பெருந்தொழிலையே ஸ்தாபித்தார். ஆகவே பெர்ஃபார்மன்ஸ் பேட்டின் கோத்திரத்தை விசாரித்துக்கொண்டே போனால் கிழிந்த செருப்பில்தான் போய் நிற்க வேண்டும்.

கடைசியில் கம்பெனிப் பேட்டையே வாங்கினேன். மிஞ்சிய பணத்தில் பிரேக் ஆயிலையும் மாற்றிவிடும்படி மெக்கானிக் சொன்னதை அப்படியே ஏற்றேன். ஏனெனில் 230 டிகிரியில் கொதிக்க வேண்டிய அந்தத் திரவம், காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துக் குடித்து 155 டிகிரியிலேயே கொதிக்கும் நிலைக்கு இறங்கிவிட்டால், மலைச்சரிவில் கால் மிதிப்பது ஆவியைத்தான். மெக்கானிக் மேலும் ஒரு விதி சொன்னார்: புதுப் பேட்டை டிஸ்க்கோடு பழக்க வேண்டும், காலியான சாலையில் வேகமெடுப்பதும், முழுதாக நிற்காமல் பிரேக் பிடித்துக் குறைப்பதுமாகப் பலமுறை செய்ய வேண்டும்.

சென்னையில் காலியான சாலை என்பது இருளில் மட்டும் காணக் கிடைக்கும் வஸ்து. விடியுமுன் வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலைக்குப் போய், அறுபதுக்கு விரட்டுவதும் பத்துக்கு இழுப்பதுமாக, பக்கத்தில் மருமகன் முகம் வெளிற, நான் சிரத்தையாக ஈடுபட்டிருந்தபோது ஒரு போலீஸ்காரர் மோட்டார் சைக்கிளில் வந்து கையைக் காட்டினார். வண்டி அந்தக் கணமே நின்றது. இரவு குடித்தது இன்னும் இறங்கவில்லையா என்னும் தோரணையில் அவர் குனிந்து முகர்ந்து பார்க்கவே, பேட்டு பழக்குகிறேன் என்று ஆதியோடந்தமாக விளக்கினேன். இரட்டை எழுத்துகள், உராய்வு, வெந்நீர்க் கணக்கு ஒன்றையும் விடவில்லை. பொறுமையாகக் கேட்டு முடித்த அவர், தம் மோட்டார் சைக்கிளை என் முகப்பு விளக்கின் வெளிச்சத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"இதையும் ஒரு தடவை பாருங்க சார். ரொம்ப நாளா கத்துது. இதுக்கு ஜி.ஜி. போடலாமா?"