கியாந்திப் புணரியல்

சொல்லும் சொல்லும் சேர்ந்தால் என்ன நேரும் என்று சொல்ல நமக்குப் புணரியல் இருக்கிறது. ஒயினும் உணவும் சேர்ந்தால் என்ன நேரும் என்று சொல்ல அப்படியொரு நூல் இல்லை. பெரிய உணவகங்களில் இந்தப் பணியை ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு, கோப்பைக்குள் மூக்கை நுழைத்து, கற்பனையின் துணையோடு செய்துவருகிறார். இக்குறை நீங்கவே இந்நூல். நிலைமொழி, இத்தாலியின் கியாந்திச் சிவப்பு ஒயின்; வருமொழி, டஸ்கனிச் சாப்பாடு.

பாயிரம் எல்லை கூற வேண்டும். புளோரன்சும் சியெனாவும் எல்லைக்காகச் சண்டையிட்டு அலுத்து, சேவல் கூவியதும் ஆளுக்கொரு குதிரைவீரனை அனுப்புவது, இருவரும் சந்திக்கும் இடமே எல்லை என்று உடன்பட்டதாகக் கதை. சியெனா தன் வெள்ளைச் சேவலுக்கு வயிறார இரைபோட்டது. புளோரன்ஸ் தன் கறுப்புச் சேவலைப் பட்டினி போட்டது. பசித்த சேவல் விடியுமுன்பே கூவியதால் புளோரன்ஸ் வீரன் சியெனாவை நெருங்கிவிட்டான். கியாந்தி கிளாசிகோ புட்டியில் இன்றும் கறுப்புச் சேவலே முத்திரை. டஸ்கனியை ஆண்ட மூன்றாம் கோசிமோ தெ மெடிச்சி 1716-ல் சேவலை நம்பாமல் அரசாணையால் கியாந்தி ஒயினுக்கு எல்லை வகுத்தார்.

நிலைமொழியின் இயல்பு புளிப்பும் துவர்ப்பும். காரணம் சாஞ்சோவேசே திராட்சை. கிளாசிகோ என்று பெயர் பெற அது 80 சதவீதமாவது இருக்க வேண்டும். கியாந்தியில் ஒயின் தயாரித்த பெத்தினோ ரிகாசோலி 1872-ல் எழுதிய கடிதத்தில், அதைத் தணிக்கக் கனயோலோவையும், இளசாகக் குடிக்கும் ஒயினுக்கு மல்வாசியா என்ற வெள்ளைத் திராட்சையையும் சேர்க்கலாம் என்றார். 2006-லிருந்து கிளாசிகோவில் வெள்ளைத் திராட்சைக்கு இடமில்லை. இனி விதிகள்.

*கியாந்தியின் முன்னர்க் கொழுமிகும் ஊன்வரின்*
*நாவிடைத் துவர்ப்புக் கெடுதலும் உரித்தே.*

என்பது என்னுதலிற்றோ எனின், கெடுதல் விகாரம் உணர்த்துதல் நுதலிற்று. ஒயினின் டானின் உமிழ்நீரின் புரதத்தைப் பற்றிக்கொள்வதால் நாக்கு, பாக்கு மென்றதுபோல் இழுக்கும். கொழுப்பும் புரதமும் மிகுந்த இறைச்சி வந்தால் டானின் அங்கே போய் ஒட்டிக்கொள்ளும், நாக்கு தப்பிக்கும். எடுத்துக்காட்டு: கியானினா மாட்டின் எலும்போடு கூடிய தடித்த துண்டைத் தணலில் வாட்டி, உள்ளே சிவப்பு மாறாமல் எடுக்கும் பிஸ்தெக்கா அல்லா ஃபியோரென்தினா.

அஃதேல், நன்கு வெந்த துண்டு வரின் எவ்விதி கொள்வது எனின், புளோரன்ஸில் அப்படியொரு வருமொழி இல்லை என்பதே விடை. பைத்திய மாட்டு நோய் அச்சத்தால் 2001-ல் இத்துண்டுக்குத் தடை வந்தபோது, சில ஆண்டுகள் நிலைமொழி தனித்து நின்று துவர்த்தது.

தக்காளி வரின் இயல்பு. பழைய ரொட்டியும் தக்காளியும் குழைத்த பப்பா அல் பொமொதோரோ புளிப்பானது; ஒயினும் புளிப்பானது. புளிப்புக் குறைந்த ஒயின் தக்காளியின் எதிரில் சப்பென்றாகிவிடும். கியாந்தி அசையாது.

பெக்கொரீனோ வரின் தோன்றல். ஆட்டுப்பால் சீஸின் உப்பு கசப்பை அடக்க, அதுவரை ஒளிந்திருந்த செர்ரிப்பழச் சுவை வெளியே வரும்.

ஆர்டிசோக் வரின் திரிதல். அதிலுள்ள சைனரின் நாக்கை ஏமாற்றுவதால் தண்ணீரே இனிக்கும். ஒயின் வேறு ஏதோவாகும்.

டஸ்கனி ரொட்டியில் உப்பில்லை. தனக்கென ஒரு பொருளும் இல்லாமல் இரண்டுக்கும் நடுவில் நிற்பதால் அது சாரியை எனப்படும்.

மீன் வரின் வழு. ஒயினிலுள்ள இரும்பு மீன்கொழுப்போடு சேர்ந்து கவிச்சி கிளப்பும். இவ்விடத்தில் லிவோர்னோ மீனவர்கள் குறுக்கிடுகிறார்கள். அவர்களுடைய கச்சுக்கோ, பலவகை மீனைத் தக்காளியோடும் சிவப்பு ஒயினோடும் கொதிக்கவிடும் குழம்பு. அதற்குத் துணையாக அவர்கள் குடிப்பதும் சிவப்பு ஒயினே. மேற்கண்ட விதிகளை அவர்களுக்குப் படித்துக் காட்டியும் பயனிருக்காது. குன்றில் மாடும் ஆடும் இருந்தன, கரையில் மீன் இருந்தது, எங்கும் கியாந்தி இருந்தது; சேர்த்துச் சாப்பிட்டார்கள். இலக்கணம் பிறகுதான் வந்தது. எனவே புறனடை:

*ஈண்டுச் சொல்லா உணவுகள் எல்லாம்*
*பசித்தோர் வழக்கின் வழுவமைந் தனவே.*