ஃபயர்வால் அண்ணாச்சி

மாடியில் மல்லி மூட்டைக்கும் வத்தல் சாக்குக்கும் நடுவே பழைய கம்ப்யூட்டர் ஒன்று ராப்பகலாக இரைந்துகொண்டிருந்தால் அது ஃபயர்வால் அண்ணாச்சி வீடு. கரிசக்காட்டில் தேடினால் ஊருக்கு ஒருவர் அகப்படுவார். நாகலாபுரத்துக்காரர் அந்த இனத்தில் முற்றியவர். படிப்பு கோவில்பட்டி, வேலை சென்னை. கொரோனாவுக்கு லேப்டாப்போடு வந்தவர் இங்கேயே தங்கிவிட்டார்.

நாமெல்லாம் வைஃபை பாஸ்வேர்டைக் காலண்டர் அட்டையில் எழுதி வைப்போம். அண்ணாச்சிக்கு அது மானக்கேடு. "எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டுன்னா யார் வந்தா, யார் போனான்னு எப்படித் தெரியும்?" என்பார். வருவது அவர் அத்தையும் மதினியும்தானே என்றால் முகம் சுண்டிப்போகும். 1799இல் கும்பெனி பாஞ்சாலங்குறிச்சியோடு நாகலாபுரம் பாளையத்தையும் பிடுங்கிக்கொண்டது. இவர் காவலுக்கு இருந்திருந்தால் கும்பெனிப் படையோடு வந்த பானர்மேன் வாசலிலேயே யூசர்நேம் தெரியாமல் விழித்துக்கொண்டு நின்றிருப்பான்.

மாடிக் கம்ப்யூட்டரில் அவர் ஓட்டுவது ஓப்பன்பிஎஸ்டி என்ற இயங்குதளம். அதில் லைசென்ஸ் தகராறில் ஐபிஃபில்டர் என்ற பழைய ஃபயர்வாலைத் தூக்கிவிட்டு, டேனியல் ஹார்ட்மையர் எழுதிய பிஎஃப் என்ற ஃபயர்வாலை 2001 டிசம்பரில் வந்த 3.0 பதிப்பில் சேர்த்த கதையைத் துஷ்டி வீட்டில் உட்கார்ந்து சொன்ன மனிதர் பூலோகத்தில் இவராகத்தான் இருப்பார். அதன் மேல் பாப் பெக் எழுதிய ஆத்பிஎஃப். ஆளுக்கொரு கணக்கு. எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாக வந்து பாஸ்வேர்டு கொடுத்தால் கட்டளை தட்டும் திரை வராது. அந்த இடத்தில் ஆத்பிஎஃப் உட்கார்ந்திருக்கும். வந்தவரின் ஐபி முகவரிக்கென்று விதிகளை ஃபயர்வாலில் ஏற்றும். இணைப்பு அறுந்ததும் அவற்றை எடுத்துவிடும். வந்த நேரம், போன நேரம் இரண்டும் சிஸ்லாக் என்ற பதிவேட்டில் ஏறும். கம்மாய் நீர்ப்பாய்ச்சி முறைக்காரர் வயலுக்கு மட்டும் மடை திறந்து, அவர் முறை முடிந்ததும் அடைக்கிறாரே, அந்தக் கணக்குத்தான். கல்லூரி ஆய்வகத்துக்கும் பொது வைஃபைக்கும் அருமையான ஏற்பாடு. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு?

அம்மா போனில் எஸ்எஸ்எச் ஆப் ஒன்றை இறக்கிக் கொடுத்திருக்கிறார். அதைத் திறந்து உள்ளே நுழைந்த பிறகுதான் சீரியல். போன் அந்த ஆப்பை உறங்கப்போட்டதும் இணைப்பு அறும். மாமியார் கை ஓங்கிய இடத்தில் வட்டம் சுற்றும். "கோளாறு இல்லம்மா, பாதுகாப்பு" என்பார் மகன்.

இன்னொரு விசேஷம். ஆத்பிஎஃப்.கான்ஃப் என்ற கோப்பில் ஓர் எழுத்துகூட வேண்டாம். ஆனால் கோப்பு இல்லாவிட்டால் ஆத்பிஎஃப் ஓடாது. தாலுகா ஆபீசில் ரிட்டயரான பெரியப்பா இதைக் கேட்டுப் பூரித்துப்போனார். "வெறுந்தாள இணைக்கச் சொல்றவன் எங்க டிப்பார்ட்மென்ட்லதாம்லே இருந்திருப்பான்!"

பிடிக்காதவரைத் தள்ளிவைக்க 'பேன்டு' என்று ஒரு ஃபோல்டர். அதில் ஆள் பெயரில் கோப்பு போட்டால் போதும். உள்ளே எழுதியிருப்பதை அவருக்குக் காட்டிவிட்டு வெளியே தள்ளும். அண்ணாச்சியின் இலக்கிய வாழ்க்கை முழுவதும் அங்கேதான். மச்சினனுக்கு எழுதியது: "மாப்ளே, வாங்கிட்டுப் போன ஸ்பானரைத் தந்துவிட்டு வரவும்."

பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள். இ-சேவை மையத்தில் நெட் படுத்துவிட்டது. அங்கே வேலை பார்க்கும் பெண் லேப்டாப்போடு அண்ணாச்சி வீட்டுக்கு ஓடிவர, பின்னாலேயே உளுந்துக்காரரும் பாசிக்காரரும் சிட்டா, அடங்கல், ஆதார், பாஸ்புக் சகிதம் படியேறினார்கள். அண்ணாச்சி நிதானமாகப் புதுக் கணக்கு திறக்க ஆரம்பித்தார். பாஸ்வேர்டில் பெரிய எழுத்து ஒன்று வேண்டும், எண் ஒன்று வேண்டும், குறி ஒன்று வேண்டும்...

"எண்ணன்னா சர்வே நம்பர் போடவா?" என்றார் ஒரு பெரியவர்.

அதற்குள் அம்மா மாடிக்கு வந்து, கம்ப்யூட்டரில் சொருகியிருந்த வயரைப் பிடுங்கி மோடத்துக்கும் அந்தப் பெண்ணின் லேப்டாப்புக்கும் நேராக மாட்டிவிட்டு, காப்பி போட இறங்கிப் போய்விட்டாள். வந்தவர்கள் அத்தனை பேருக்கும் ரசீது வந்தது.

அன்று சாயங்காலம் பேன்டு ஃபோல்டரில் புதிதாக ஒரு கோப்பு ஏறியது: 'அம்மா'. உள்ளே அண்ணாச்சி இன்னும் ஒன்றும் எழுதவில்லை. ராச்சாப்பாடு முடியட்டும் என்றிருக்கிறார்.