கட்டைப்பையும் கதிமோட்சமும்: மீனம்பாக்கம் முதல் எழும்பூர் வரை ஓர் ஆய்வு

விமானம் விட்டிறங்கியவர் மூட்டை முடிச்சோடு விடுதி போய்ச் சேர உகந்த வாகனம் எது? இந்தக் கேள்வியை இதுவரை ஆராய்ந்தவர்கள் பணக்கணக்கும் நேரக்கணக்கும் போட்டே பாழாக்கிவிட்டார்கள். இது அடிப்படையில் ஒரு சமயத் தத்துவச் சிக்கல் என்று நிறுவுவதே என் நோக்கம்.

ஆய்வுக்களம், சென்னை விமான நிலையத்திலிருந்து எழும்பூர் கென்னட் சந்து வரையிலான சுமார் 17 கி.மீ. ஆய்வுப்பொருள்கள் மூன்று: விமானத்தின் வயிற்றில் வந்த 15 கிலோ பெட்டி, தலைக்கு மேல் வந்த 7 கிலோ பெட்டி, ஒரு ஜவுளிக்கடைக் கட்டைப்பை. சக ஆய்வாளர் என் மனைவி. கட்டைப்பையை ஆய்வில் சேர்த்தது அவர்தான். அதன் எடை ஆய்வுக்கு உட்பட்டதல்ல என்றும் அவரே அறிவித்துவிட்டார்.

முதலில் கோட்பாடு. இறைவனை அடையும் வழி பற்றி வைணவத்தில் வடகலையார் சொல்வது மர்க்கட நியாயம்: குரங்குக்குட்டி தாயின் வயிற்றை இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும், விட்டால் கீழே. தென்கலையார் சொல்வது மார்ச்சால நியாயம்: பூனைக்குட்டி கண்ணை மூடிக்கொண்டு கிடந்தால் போதும், தாயே கவ்விக்கொண்டு போகும். ரயில்கள் யாவும் முதல் நெறி. டாக்ஸி இரண்டாம் நெறி. ஆட்டோ எந்த மரபிலும் அடங்காது.

மின்சார ரயிலில் தொடங்கினோம். கடற்கரை–தாம்பரம் தடத்தில் 1931 முதல் மின்ரயில் ஓடுகிறது. டிக்கெட் பத்து ரூபாய்க்குள். திரிசூலம் ஸ்டேஷன் எங்கே என்று யாரைக் கேட்டாலும் "எதிர்லதான் சார்" என்பார்கள். உண்மைதான். ஆனால் 'எதிர்' என்ற சொல்லுக்குள் எத்தனை படிக்கட்டுகள் ஒளிந்திருக்கின்றன என்று எந்த நிகண்டும் சொல்லவில்லை. வண்டி அரை நிமிடம் நின்றிருந்தால் அதிகம். பெரிய பெட்டி ஏறியது, சின்னப் பெட்டி ஏறியது, நான் ஏறினேன். சக ஆய்வாளர் கட்டைப்பையோடு அடுத்த வண்டியில் வந்தார். எழும்பூர் நடைமேடையில் அவர் முன்வைத்த கருத்துகள் ஆய்வுக்கட்டுரை நடைக்கு ஒத்துவராதவை.

அடுத்த பயணத்தில் மெட்ரோ. 2016-இல் விமான நிலையம் வரை வந்துவிட்டது. லிஃப்ட் உண்டு, ஏசி உண்டு. ஆனால் எழும்பூர் இருப்பது பச்சை வழித்தடத்தில், நாங்கள் ஏறியதோ நீலம். ஆலந்தூரில் இறங்கி மாறலாம். அல்லது சென்ட்ரல் வரை போய் ஒரு ஸ்டேஷன் திரும்பி வரலாம். எங்கள் வீட்டில் இதை ஒட்டி இரண்டு கலைகள் பிரிந்தன. வடக்கே போய் மாறும் கட்சிக்கு நான் ஒருவனே. ஆலந்தூரிலேயே மாறினோம். முடிவில் பெட்டிகள் உருண்டு வெளியேறின. தானியங்கிக் கதவு கட்டைப்பையை மட்டும் பிடித்துக்கொண்டது.

ஆட்டோவைக் கணித முறைப்படி அணுகினேன். 2013-இல் அரசு நிர்ணயித்த கட்டணம் முதல் 1.8 கி.மீ.க்கு 25 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 12. ஆக, 207 ரூபாய் 40 காசு. தொகையை ஓட்டுநரிடம் தெரிவித்தேன். அவர் கோபப்படவில்லை. பக்கத்து ஆட்டோக்காரரைக் கூப்பிட்டு, "இன்னொரு தபா சொல்லு சார்" என்றார்.

மிஞ்சியது பூனை நெறி. செயலியில் டாக்ஸி பிடித்தோம். இங்கேதான் முன்னோர் காணாத ஒரு நுட்பம் வெளிப்பட்டது: இந்தப் பூனை குட்டியைத் தேடி வராது. பல அடுக்கு வாகன நிறுத்தத்தில் எங்கோ உட்கார்ந்திருக்கும். குட்டிதான் போய்க் கண்டுபிடிக்க வேண்டும்.

"சார், எங்க இருக்கீங்க?"

"நீங்க எங்கப்பா இருக்கீங்க?"

"நான் லொகேஷன்லதான் சார் இருக்கேன்."

கண்டுபிடித்தபோது டிக்கியில் கேஸ் சிலிண்டர் படுத்திருந்தது. மிச்ச இடத்தில் சின்னப் பெட்டி. பெரிய பெட்டிக்கு முன் இருக்கை, சீட் பெல்ட்டோடு. கட்டைப்பை என் மடியில். கத்திப்பாரா மேம்பாலத்தில் வண்டி வளைந்தபோது அதை நான் பற்றியிருந்த விதம் அசல் மர்க்கட நியாயம்.

ஆக, வாகனத்தைத் தேர்வு செய்வது பயணி அல்ல. அவர் கையில் இருக்கும் சக்கரமில்லாத ஒரே பொருள். மனிதன் நிலவில் கால் வைத்தது 1969-இல். பெர்னார்ட் சாடோ என்ற அமெரிக்கர் சக்கரம் வைத்த பெட்டிக்குக் காப்புரிமை வாங்கியது 1972-இல். கட்டைப்பைக்கு இன்னும் ஒருவரும் வரவில்லை.

கென்னட் சந்து விடுதியில் ரூம் பாய் ஓடி வந்தார். இரண்டு பெட்டிகளையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு, "எந்த ட்ரெயின் சார்?" என்றார். விமானம் என்றேன். என் மடியிலிருந்து தோளுக்கு ஏறியிருந்ததை ஒருமுறை பார்த்தார், நம்பியதாகத் தெரியவில்லை.

"அதை நீங்களே எடுத்துட்டு வந்துருவீங்கல்ல?" என்று கேட்டுவிட்டு லிஃப்டுக்குள் போய்விட்டார்.