பெரியப்பாவின் புது மெசின்

யாழ்ப்பாணம் பெரியகடையில் புடவைக்கடை வைத்திருக்கிற என் பெரியப்பாவுக்குக் காசு என்றால் எச்சில் தொட்டு எண்ணக்கூடிய சாமானாக இருக்கவேண்டும். எண்ண முடியாததைக் காசு என்று அவர் ஒத்துக்கொள்வதில்லை. ஆனாலும் போர் முடிந்து ஏ9 பாதை திறந்து, கொழும்பு வங்கிகளும் லீசிங் கொம்பனிகளும் வரிசையாக யாழ்ப்பாணத்துக்கு வந்து பெயர்ப்பலகை மாட்டிய நாட்களில், அவரும் ஒரு கிறெடிற் காட் மெசின் எடுத்து வைத்தார். தேவை என்று ஒன்றுமில்லை. பக்கத்துக் கடைக்காரர் வைத்துவிட்டார்.

அந்தப் பழைய மெசினோடு அவர் ஒருமாதிரி ஒத்துப்போயிருந்தார். ஓரத்தில் ஒரு வெட்டு இருக்கும். காட்டை அதில் வைத்து ஓர் இழுவை. முதல் இழுவைக்கு மெசின் மசியாது. பெரியப்பா காட்டை வேட்டித் தலைப்பில் துடைப்பார், பிள்ளையாரை நினைப்பார், மறுபடி இழுப்பார். துண்டு வெளியே வரும். வாங்குகிறவர் அதில் வைக்கிற ஒப்பத்தைக் காட்டின் பின்பக்கத்து ஒப்பத்தோடு சரிபார்க்கவேண்டும் என்பது விதி. பெரியப்பா ஒப்பத்தைப் பார்ப்பதில்லை, முகத்தைப் பார்ப்பார். "கோண்டாவில் சங்கக்கடை மனேச்சற்றை மருமோன்" என்று பிடிபட்டால் போதும், துண்டு லாச்சிக்குள் போய்விடும்.

இந்த ஒழுங்கைக் குலைக்க வங்கியிலிருந்து கழுத்துப்பட்டி கட்டிய ஒரு தம்பி வந்தார்.

"ஐயா, இனி எல்லாம் சிப் காட். மெசினை மாத்தோணும்."

"ஏன் தம்பி, உது வடிவா வேலை செய்யுதே?"

தம்பி பொறுமைசாலி. காட்டின் முதுகிலுள்ள கறுப்புப் பட்டியில் எழுதியிருப்பது என்றைக்கும் ஒன்றுதான் என்றார். கள்ளன் அதை ஒருமுறை ஒரு சின்னக் கருவியால் வாசித்துவிட்டால், வெற்றுக் காட்டொன்றில் அப்படியே பதித்துவிடலாம். "றப்பர் ஸ்ராம்ப் மாதிரி ஐயா. ஆர் எடுத்துக் குத்தினாலும் ஒரே முத்திரைதான்." சிப் அப்படியில்லை. அது ஒரு குட்டிக் கணினி. உள்ளே பூட்டி வைத்திருக்கிற இரகசியச் சாவியைக் கொண்டு ஒவ்வொரு விற்பனைக்கும் புதிதாக ஒரு குறியைக் கணக்கிட்டுக் கொடுக்கும். நேற்றைய குறியைக் களவெடுத்து இன்றைக்குப் பாவிக்க முடியாது. யூரோபே, மாஸ்ரர்காட், வீசா மூன்றும் 1990களில் கூடியிருந்து எழுதிய ஒழுங்கு இது, அதனால்தான் ஈ.எம்.வி. என்று பெயர்.

பெரியப்பா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி கடைசி அஸ்திரத்தை எடுத்தார்.

"ஐயா, சிப் இருக்கிற காட்டைப் பழைய மெசினிலை இழுத்து, அது பேந்து கள்ளக் காட் எண்டு பிடிபட்டால், நட்டம் கடைக்குத்தான்."

"எனக்கோ?"

"ஓம் ஐயா."

"கெதியாக் கொண்டுவாரும் தம்பி. எதுக்கும் ஒப்பம் வைக்க முதல் வீட்டிலை ஒருக்கால் கேட்கிறன்."

உலகம் முழுக்க இந்த மாற்றத்தை நடத்தியது இந்த ஒரு வசனம்தான் என்பது என் எண்ணம். அமெரிக்கக் கடைக்காரர்களும் பாதுகாப்பு, நவீனம் என்றபோதெல்லாம் மின்விசிறியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2015 ஒக்ரோபர் 1 முதல் நட்டப் பொறுப்பு கடையின் தலைக்கு மாறும் என்றபிறகே எழும்பினார்கள்.

பெரியப்பா வீட்டில் கேட்டதும் தப்பில்லை. காட்டின் சரித்திரத்தில் பெரிய முடிவுகளை எடுத்தது மனைவிமார்தான். 1960களில் ஐ.பி.எம். பொறியியலாளர் ஃபொறெஸ்ற் பரி, காந்தப் பட்டியைப் பிளாஸ்ரிக்கில் ஒட்ட வழி தெரியாமல் வீட்டுக்கு வந்தார். உடுப்பு அயன் பண்ணிக்கொண்டிருந்த மனைவி, அயன்பெட்டியாலேயே அழுத்திப் பார்க்கச் சொன்னாராம். ஒட்டிக்கொண்டது. 1967 இல் லண்டன் என்ஃபீல்டில் பார்க்ளேஸ் வங்கிக்குக் காசு மெசின் செய்து கொடுத்த ஜோன் ஷெப்பர்ட்-பரன் இரகசிய எண்ணுக்கு ஆறு இலக்கம் வைக்க நினைத்திருந்தார். தனக்கு நாலுக்கு மேல் ஞாபகம் நிற்காது என்று மனைவி சொல்லிவிட்டதாக அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். நாலு இலக்கமாயிற்று. எங்கள் பெரியம்மா சொன்னது இன்னும் சுருக்கம்: "ஓசிக்குத் தந்தால் எடுங்கோ."

புது மெசினுக்கு வயர் இல்லை. உள்ளே ஒரு சிம், ஒரு பற்றரி. பற்றரி என்றதும் பெரியப்பா நிமிர்ந்தார். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் பற்றரி யாழ்ப்பாணத்துக்குத் தடைசெய்யப்பட்ட சாமான். சைக்கிளை நிறுத்தி வைத்து மிதித்து டைனமோவில் றேடியோ கேட்டவர்கள், ஜாம் போத்தல் விளக்கில் கணக்கெழுதியவர்கள் இவர்கள். இவர்களிடம் பற்றரியைக் கொடுத்தால் பாவிக்கமாட்டார்கள், பத்திரப்படுத்துவார்கள். காட் வராத நேரமெல்லாம் மெசினை அணைத்துப் பொலித்தீன் பையில் போட்டு வைப்பார். காட் வந்தால் வெளியே எடுப்பார். அது கண்விழித்து, தன் கொம்பனிப் படத்தைக் காட்டி, சிக்னல் தேடி முடிவதற்குள் வந்தவருக்குத் தேத்தண்ணி வந்துவிடும். தேத்தண்ணி குடித்தவர் சும்மா இருக்காமல் இன்னொரு சேலையைப் பிரித்துப் பார்ப்பார். வியாபாரத்தில் மெசின் செய்த முதல் உபகாரம் அதுதான்.

சிக்னல் கடைக்குள் கிடையாது. வாசற்படியில் இரண்டு கோடு வரும். ஆகவே உலகத்தின் மிக இரகசியமான நாலு இலக்கங்களை எங்கள் வாடிக்கையாளர்கள் றோட்டைப் பார்த்துக்கொண்டு அடிக்கவேண்டியிருந்தது. ஒருநாள் ஒரு அம்மா மெசினைப் பெரியப்பாவிடமே திருப்பி நீட்டினார்.

"எனக்குக் கண் தெரியாது அண்ணை, நீங்களே அடியுங்கோ. மூத்தவன் பிறந்த வருசம்."

"எந்த வருசம் பிள்ளை?"

"எண்பத்தாறோ, ஏழோ..."

"மூண்டு தரம் பிழைச்சால் காட் பூட்டுப்படும். வடிவா யோசியுங்கோ."

"ஆமி வந்த வருசம்."

"எந்த ஆமி?"

"இந்தியன் ஆமி."

எதிரே நின்ற ஓட்டோக்காரர் தலையை வெளியே நீட்டினார். "அப்ப எண்பத்தேழு அம்மா. 1987 எண்டு அடியுங்கோ ஐயா." அடித்தார். துண்டு வந்தது. நல்லவேளை, அந்த ஓட்டோக்காரர் நல்ல மனிதர்.

ஆனால் மெசினின் உண்மையான சோதனை நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வந்தது. இருபத்தைந்து நாள் திருவிழாவுக்கு வெளிநாட்டுச் சொந்தமெல்லாம் இறங்கும். வந்ததோடு ஒரு கலியாணத்தையும் வைத்துவிடுவார்கள். கூறைச்சேலை எடுக்க எங்கள் ஆட்கள் நாலு நாட்டிலிருந்து கடைக்குள் நுழைந்தார்கள். பிரான்ஸ் சித்தப்பாதான் முதலில் காட்டை நீட்டினார். மெசினில் சிப் செருகுகிற வாயைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"உது எங்கடை நாட்டுச் சாமான். 1974 இலை றோலண்ட் மொறேனோ எண்டவர் கண்டுபிடிச்சது. 1992 இலேயே பிரான்சிலை வங்கிக் காட் எல்லாம் சிப்."

பாரிசின் லா ஷப்பலில் மரக்கறிக்கடை வைத்திருப்பவர் மொறேனோவை எங்கடை ஆள் ஆக்கியதை ஜேர்மன் மாமாவால் பொறுக்க முடியவில்லை.

"கண்டறியாத மொறேனோ! அதுக்கு முதல், 1968 இலை, டெத்லொஃப், குறோட்றுப் எண்டு ரெண்டு ஜேர்மன்காரர் பதிஞ்சு வைச்சவை."

"பதிஞ்சு வைச்சு என்ன செய்தவை? நாங்கள் 1983 இலை ரெலிபோன் காட்டிலையே சிப் போட்டிட்டம்."

ஊரில் ஒரே வேலிக்கு இரு பக்கமும் வளர்ந்தவர்கள். அப்போது வேலிக் கதியாலுக்குச் சண்டை பிடித்தார்கள். இப்போது பாரிசுக்கும் ஃபிராங்க்ஃபர்ட்டுக்கும் பிடிக்கிறார்கள். லண்டன் அத்தை இடையில் புகுந்தா. சிப்பும் பின் நம்பரும் தங்கள் நாட்டில் 2006 பெப்ரவரி 14 இலிருந்து கட்டாயம் என்றும், இப்போது செருகுவதே பழைய பழக்கம், தட்டினால் போதும் என்றும் சொல்லி மெசினைத் தட்டினா. அது தட்டுகிற மெசின் இல்லை. அத்தை பலமாகத் தட்டினா. "உடைச்சுப் போடாதை பிள்ளை, வங்கிக்காரன்ரை" என்றார் பெரியப்பா.

சுவிஸ் மச்சான் மட்டும் ஒன்றும் பேசாமல் காட்டைச் செருகி எண்ணை அடிக்கத் தொடங்கினான். நாலுக்குப் பிறகும் விரல் நிற்கவில்லை. ஆறு இலக்கம். சுவிற்சர்லாந்தில் அப்படியும் உண்டு. பெரியப்பா எங்களைப் பார்த்தார். சொந்த மருமகனென்றாலும் இவன் காட்டில் ஏதோ வில்லங்கம் என்று பார்வை சொன்னது.

வில்லங்கம் எல்லாக் காட்டிலும் இருந்தது. இலங்கையில் திடீரென்று இவ்வளவு பெரிய தொகையா என்று அவரவர் வங்கி சந்தேகப்பட்டு ஒவ்வொன்றாக மறுத்துவிட்டது. சிப்பைக் கண்டுபிடித்த இரு நாட்டுக் காட்டுகளும் முதலில் தோற்றன. ஆண்கள் வாசற்படியில் நின்று தத்தம் வங்கிக்குப் போன் எடுத்து, பிறெஞ்சிலும் ஜேர்மனிலும் தாங்கள் தாங்கள்தான் என்று நிரூபித்துக்கொண்டிருக்க, அத்தை கைப்பையைத் திறந்து பவுண்ஸ் நோட்டை எடுத்து நாணயமாற்றுக் கடைக்கு நடந்தா. பெரியப்பா எச்சில் தொட்டு எண்ணினார்.

2022 மார்ச் முடிவில் நாட்டில் பதின்மூன்று மணிநேர மின்வெட்டு வந்தபோது பெரியகடையில் மெசின்கள் ஒன்றொன்றாகச் செத்தன. பத்திரப்படுத்திய பற்றரியோடு பெரியப்பாவின் மெசின் மட்டும் உயிரோடிருந்தது. அன்றைக்குப் பார்த்து ஒரு காட்டும் வரவில்லை. பெற்றோலுக்கு வரிசையில் நின்ற ஊரில் யார் சேலை எடுப்பார்கள்?

இப்போது பிரச்சினை வேறு. காட்டில் விற்றால் வங்கி நூற்றுக்கு இரண்டரை, மூன்று என்று கடையிடம் கழிக்கிறது. அதை வாங்குகிறவரின் தலையில் கட்டக்கூடாது என்று மத்திய வங்கி அறிவித்திருக்கிறது. பெரியப்பா சட்டத்தை மதிப்பவர். காட்டுக்குக் கூட்டமாட்டார், காசுக்குக் குறைப்பார். கணக்கு ஒன்றுதான். அதனால் காட் நீட்டியவர்களும் காசுக்கு மாறிவிடுகிறார்கள். மாதம் இன்ன தொகைக்குக் குறைந்து மெசினில் விற்றால் அதற்கு வாடகை கட்டவேண்டும் என்று வங்கித் தம்பி வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஓசி என்று பெரியம்மா எடுக்கச் சொன்ன சாமானுக்கு வாடகை கட்டினால் வீட்டில் யார் பதில் சொல்வது?

ஆகவே மாத முடிவில் எனக்குப் போன் வரும். "தம்பி, அந்தக் காட்டை எடுத்துக்கொண்டு ஒருக்கால் வந்திட்டுப் போ." போவேன். எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்குச் சாரம் தருவார். எங்கள் வீட்டு அலுமாரியில் சாரம் வைக்க இனி இடமில்லை. அடுத்த மாதத்திலிருந்து தலையணை உறைக்கு மாறுவோம் என்று பெரியப்பா சொல்லியிருக்கிறார்.