எல்லைக்கோடு எப்போதும் மேலேதான்

மலையில் மாநில எல்லை வகுத்தவர்கள் யாரும் சைக்கிள் மிதித்தவர்களாக இருந்திருக்க முடியாது. ஆற்றங்கரையில் கோடு போடலாம், வயல் வரப்பில் போடலாம்; அவர்கள் தேடிப்பிடித்து முகட்டின் உச்சியில் போட்டிருக்கிறார்கள். காரணம் நியாயமானதுதான். போடிமெட்டுக்கு இந்தப் பக்கம் விழுகிற மழை கொட்டகுடி ஆற்றில் இறங்கி வைகைக்குப் போகிறது. அந்தப் பக்கம் விழுவது பன்னியாறு வழியாகப் பெரியாற்றுக்குப் போகிறது. மழைக்கே கட்சி பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். 1956-இல் மாநிலங்களைப் பிரித்தபோது தேவிகுளம், பீர்மேடு யாருக்கு என்று பெரிய போராட்டமே நடந்தது. அப்போதும் கோடு முகட்டைவிட்டு இறங்கி வரவில்லை. ஆகவே தேனி மாவட்டத்துக்காரன் கேரளாவுக்குள் சைக்கிளில் நுழைந்தால் மூச்சிரைக்கத்தான் நுழைவான். பக்கத்து மாநிலம் நம்மை முதன்முதலாகப் பார்க்கும்போது நமக்குப் பேச்சே வராது. மொழிப் பிரச்சினை என்று அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள்.

குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என்று மூன்று வாசல்கள் எங்களுக்கு. மூன்றிலும் சுலபமானது குமுளி. லோயர் கேம்ப் வரை கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைப் பந்தல்களைப் பார்த்துக்கொண்டே போகலாம். ஆடி மாதமாக இருந்தால் பார்க்க நேரமும் நிறையக் கிடைக்கும், ஏனென்றால் எதிர்காற்றில் சைக்கிள் நகராது. லோயர் கேம்பில் பென்னிகுயிக் மணிமண்டபம் இருக்கிறது. நான் அங்கே நின்று கும்பிடுவேன், ஆனால் மனதுக்குள் ஒரு வருத்தத்தோடு. அந்தப் பக்கத்துத் தண்ணீர் இந்தப் பக்கம் வருவதற்காக அந்த மனுஷர் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி, மலையையே குடைந்து சுரங்கம் போட்டு, 1895-இல் திறந்துவிட்டார். தண்ணீர் ஒரு அடிகூட ஏறாமல் எல்லை தாண்டுகிறது. அதே கையோடு ஒரு மூன்றடி அகலத்துக்குப் பக்கத்தில் இன்னொன்று குடைந்திருந்தால் என்னவாம்?

ஆனால் குமுளி வழியாகப் போனேன் என்று சொன்னால் சைக்கிள் வட்டாரத்தில் மரியாதை இல்லை. போடிமெட்டு ஏறியாக வேண்டும். அடிவாரம் முந்தல். அங்கிருந்து மேலே சுமார் இருபது கிலோமீட்டர். உயரம் கிட்டத்தட்ட ஆயிரம் மீட்டர் கூடும். பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். வளைவுகளைக் கண்டு புதியவர்கள்தான் பயப்படுவார்கள். உண்மையில் வளைவு ஒன்றும் செய்யாது, அகலமாக, தட்டையாக, கொஞ்சம் இரக்கத்தோடு இருக்கும். இரண்டு வளைவுக்கு நடுவே கிடக்கிற நேர்ச்சாலைதான் ஆளைக் கொல்லும். அதை யாரும் பலகை வைத்து எண்ணுவதில்லை.

என் சைக்கிளில் முன்பக்கம் 34 பல், பின்பக்கத்தில் பெரிய வட்டும் 34 பல். அதாவது பெடல் ஒரு சுற்று சுற்றினால் சக்கரமும் ஒரு சுற்று. ஏழு அடிக்குச் சற்றுக் குறைவாக முன்னே போவேன். நிமிடத்துக்கு அறுபது சுற்று என்றால் மணிக்கு ஏழரை கிலோமீட்டர். இது காகிதத்தில். ஐந்தாவது வளைவுக்கு மேல் அறுபது நாற்பதாகும். அந்த வேகத்தில் உலகம் வேறு மாதிரி தெரியும். சாலையோரத்துச் செடியில் எறும்பு எந்தப் பக்கம் போகிறது என்பது தெரியும். ஒரு வளைவில் நாய் ஒன்று குரைத்துக்கொண்டு பாய்ந்து வந்தது. ஓடி வந்த வேகத்தில் என்னைத் தாண்டிப் போய்விட்டது. திரும்பிப் பார்த்து, நின்று, நான் வந்து சேரும்வரை காத்திருந்து, கொஞ்ச தூரம் கூடவே நடந்தது. பிறகு அதற்கே சங்கடமாகிவிட்டது போல, காட்டைப் பார்த்துப் போய்விட்டது.

குரங்குகளுக்கு அந்தச் சங்கடமெல்லாம் கிடையாது. தடுப்புச்சுவரில் வரிசையாக உட்கார்ந்து, காரில் வருகிறவர்கள் வீசும் வாழைப்பழத்துக்குக் காத்திருப்பவை அவை. கார் பழத்தை வீசிவிட்டுப் போய்விடும். சைக்கிளோ பழத்தைப் பின்பக்கப் பையில் வைத்துக்கொண்டு நடக்கிற வேகத்தில் வரும். பையின் வாரை எப்படிக் கழற்றுவது என்று எனக்குக் கடைக்காரர் இரண்டு தடவை சொல்லிக்கொடுத்தார். குரங்குக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

காலையில் இந்தச் சாலை தோட்டத்து ஜீப்புகளுக்குச் சொந்தம். போடிப் பக்கத்து ஊர்களிலிருந்து ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகிற பெண்கள் விடியும் முன்பே கிளம்பி, தூக்குவாளியும் கம்பளித் துணியுமாக நெருக்கியடித்து உட்கார்ந்து வருவார்கள். வளைவில் ஜீப் முதல் கியருக்கு இறங்கும்போது நானும் ஜீப்பும் சற்று நேரம் சமமாகப் போவோம். அதுதான் ஆபத்து.

“ஏப்பா, கயிறு கட்டி இழுக்கச் சொல்லவா?”

“சும்மா இருடி, சாமிக்கு வேண்டுதலா இருக்கும்.”

“கூலி எம்புட்டுத் தம்பி குடுக்குறாக இதுக்கு?”

கூலி இல்லை என்று சொன்னேன். நானே காசு செலவழித்துத்தான் வருகிறேன் என்பதையும் சொன்னேன். ஜீப்புக்குள் ஒரு கணம் சத்தமே இல்லை. அப்புறம் எழுந்த சிரிப்பு அடுத்த இரண்டு வளைவு வரைக்கும் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. நாள் முழுக்க மலைச்சரிவில் குனிந்து காய் எடுத்துவிட்டு மாலையில் இதே வழியில் இறங்கப் போகிறவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள்.

உச்சியில் கோடு தாண்டியதும் வானிலை மாறும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் போடியில் புழுதி பறந்துகொண்டிருக்கும்; மேலே பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியாது. சரி, ஏறியாயிற்று, இனி இறக்கம் என்று நினைப்பவன் புவியியல் படிக்காதவன். தேனிப் பக்கம் மலை சுவராக நிற்கிறது. இடுக்கிப் பக்கமோ மேடும் பள்ளமுமாக விரிந்து கிடக்கிற உயர்நிலம். நாம் மொத்தமாகக் கட்டிய ஏற்றத்துக்கு அங்கே இறக்கம் சில்லறையாகத்தான் கிடைக்கும். பூப்பாறை வரை இறங்கினால் சாந்தன்பாறைக்கு ஏற வேண்டும். அப்புறம் உடும்பன்சோலை, நெடுங்கண்டம் என்று ஒவ்வொரு ஊரும் அதனதன் பங்குக்கு வாங்கிக்கொள்ளும்.

வழி கேட்பதாலும் பிரயோஜனம் இல்லை. மலைக்காரர்கள் பொய் சொல்ல மாட்டார்கள், ஆனால் அவர்கள் ஜீப்பில் போகிறவர்கள். “நெடுங்கண்டமா? இறக்கந்தான்” என்றார் பூப்பாறை டீக்கடைக்காரர். அந்த ஊரில் தமிழ் பேசாதவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும், அதனால் மொழிபெயர்ப்பில் ஏற்றம் காணாமல் போயிற்று என்று சமாதானம் சொல்லவும் வழியில்லை. அவருக்கு அது இறக்கம்தான். டிரைவர் கியர் மாற்றாத ஏற்றமெல்லாம் மலைநாட்டில் சமதரைக் கணக்கு.

நெடுங்கண்டத்தில் ராத்தங்கல். லாட்ஜ் பதிவேட்டில் ‘வாகன எண்’ என்ற கட்டத்தைக் காட்டி, எழுதச் சொன்னார் மேசைக்காரர். சைக்கிள் என்றேன். நம்பர் என்றார். ஒரு காலத்தில் சைக்கிளுக்கும் வரி கட்டி, நம்பர் போட்ட வில்லையை வாங்கி மாட்டிக்கொண்டு ஓட்டிய நாடு இது. வில்லை இல்லாவிட்டால் பிடித்துக் காற்றைப் பிடுங்கிவிடுவார்கள் என்று என் தாத்தா சொல்வார். அந்த வரி ஒழிந்ததில் முதல்முறையாக எனக்கு வருத்தம் வந்தது. கடைசியில் சைக்கிளைக் கவிழ்த்து, அடியில் பொறித்திருந்த எண்ணைத் துடைத்துப் படித்துச் சொன்னேன். பதினொரு எழுத்து. கட்டத்துக்குள் அடங்கவில்லை, ‘கண்டிஷன் நல்லது’ என்று அவராகவே எழுதிக்கொண்டார். என்னையா சைக்கிளையா என்று கேட்கவில்லை.

மறுநாள் கிளம்பும் முன் கடைவீதியில் நூறு கிராம் ஏலக்காய் வாங்கினேன். ஏலக்காட்டுக்குப் போய்விட்டு வெறுங்கையோடு திரும்பினால் வீட்டில் பதில் சொல்ல முடியாது. நல்ல பச்சை, பையைத் திறந்தால் மழைக்கோட்டு முதல் பஞ்சர் டியூப் வரை எல்லாம் பாயசமாக மணத்தது.

கம்பம்மெட்டில் கோடு தாண்டினால் பட்டபாட்டுக்கெல்லாம் ஒரே தவணையில் இறக்கம். ஆனால் அதையும் முழுசாக அனுபவிக்க விடாது. பிரேக் பிடித்துப் பிடித்து விரல்கள் மரத்து, வளைவுக்கு வளைவு நின்று கையை உதற வேண்டும். இயற்கையை ரசிக்கிறேன் என்று எண்ணி, பைக்கில் போகிறவர்கள் எனக்குப் பின்னால் பள்ளத்தாக்கு தெரிய செல்ஃபி எடுத்துக்கொண்டு போனார்கள்.

அடிவாரத்துக்குக் கொஞ்சம் முன்னால் சோதனைச்சாவடி. காவலர் இளைஞர், மரியாதையானவர். பையைத் திறக்கச் சொன்னார். ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன்: பம்பு, இரண்டு டியூப், ஈரச் சட்டை, மிச்சமிருந்த பன். கடைசியில் ஏலக்காய்ப் பொட்டலம். கையில் வாங்கி முகர்ந்து பார்த்தார்.

“எங்கருந்து சார் வர்றீங்க?”

“போடில கெளம்பி, போடிமெட்டு ஏறி, நெடுங்கண்டம் போய் இப்படி எறங்குறேன்.”

“இதுக்கா?”

“இதுக்கும்தான்.”

பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் ஒட்டியிருந்த கடைச் சீட்டில் விலையைப் படித்தார்.

“இங்க வெளையிற காயெல்லாம் ஏலத்துக்கு நம்ம போடிக்குத்தானே சார் வருது?” என்றார். “பஸ் ஸ்டாண்டுப் பக்கம் எங்க மாமா கடைல இதவிடக் கொறச்சலாவே கெடைக்குமே.”