வெந்நீர்ப் படலம்: ஆங்கிலேயரும் அமெரிக்கரும் ஒட்டாமல் போனது பற்றிய ஆராய்ச்சி

ஒரே மொழியைப் பேசும் ஆங்கிலேயரும் அமெரிக்கரும் ஏன் ஒருவரை ஒருவர் விநோதமாகப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதற்கு வரி, மன்னர், மதம் என அறிஞர் பலவாறு காரணம் கூறுவர். அவை யாவும் மேற்பூச்சு. மூலகாரணம் சமையலறைச் சுவரில் உள்ள பிளக் பாயின்ட். பிரிட்டனில் அது 230 வோல்ட், அமெரிக்காவில் 120. ஏனைய வேறுபாடெல்லாம் இதன் வழிவந்தவையே என நிறுவுதும்.

3 கிலோவாட் இழுக்கும் பிரிட்டிஷ் கெட்டில் ஒரு லிட்டர் தண்ணீரை இரண்டு நிமிடம் சொச்சத்தில் கொதிக்கவைத்துவிடும். அமெரிக்கக் கெட்டில் பெரும்பாலும் 1.5 கிலோவாட்டோடு நின்றுவிடுவதால் அதற்கு நேரம் இரட்டிப்பாகும். கூடுதலான அந்த இரண்டு நிமிடத்தில்தான் ஒரு நாகரிகம் பொறுமையிழந்து மைக்ரோவேவ் கதவைத் திறந்தது.

அடுத்து நிகழ்வதைக் கூர்ந்து நோக்குக. குழாய்த் தண்ணீர் பிடித்த கோப்பை உள்ளே மெல்லச் சுழல்கிறது. கூவி அழைத்ததும் கதவைத் திறந்தால், கைப்பிடி சரியாகப் பின்பக்கம் போய் நின்றிருக்கும். மேலே கொதி, அடியில் வெதுவெதுப்பு. அதற்குள் நூல் கட்டிய தேயிலைப் பை இறங்குகிறது, தூண்டிலில் மீன் விழுந்ததா என்று பார்ப்பதுபோல் இருமுறை மேலும் கீழும் ஆடுகிறது, தேநீர் ஆயிற்று. விருந்தாளியாக வந்த ஆங்கிலேயர் இதைப் பார்த்து எதுவும் சொல்லமாட்டார். முழுவதையும் குடித்து, மிக நன்றாக இருந்தது என்பார். அந்த வீட்டுப் பக்கம் மறுபடி வரமாட்டார்.

அற்றேல், மைக்ரோவேவும் அதே 120 வோல்ட்டில்தானே ஓடுகிறது எனின், அறியாது கடாயினாய். அது ஒருவருக்கு ஒரு கோப்பை என்ற கணக்கில் ஓடுவது. கெட்டில் அப்படியன்று. பிரிட்டிஷ் வீட்டிலோ அலுவலகத்திலோ தனக்கு மட்டும் டீ போட எழுந்திருப்பவர் பண்பற்றவர். எழுந்தவர் எல்லோரையும் கேட்டாக வேண்டும். யாருக்குப் பால் எவ்வளவு, யாருக்குச் சர்க்கரை கூடாது என்பதை நினைவில் வைத்திருக்கவும் வேண்டும். ஆகவே அங்கே தாகமெடுத்தவரும், வேறு யாராவது எழுந்திருக்கட்டும் என்று நாக்கு வறளக் காத்திருப்பார். அமெரிக்கருக்கு இந்த அவஸ்தை இல்லை. தனிமனித சுதந்திரம் என்று அவர்கள் போற்றுவது இதைத்தான் எனக் கருத இடமுண்டு.

கெட்டில் பக்தியின் அளவுக்கு 1990 ஜூலை 4 சான்று. உலகக் கோப்பை அரையிறுதியில் இங்கிலாந்து மேற்கு ஜெர்மனியிடம் பெனால்டியில் தோற்றது. தோற்ற நாடு அழவில்லை, எழுந்து போய்க் கெட்டிலைத் தட்டிவிட்டது. மின்தேவை ஒரே மூச்சில் 2,800 மெகாவாட் எகிறியது. இத்தகைய எகிறலையும் சமாளிக்கத்தான் வேல்ஸில் தினோர்விக் என்ற இடத்தில் மலையைக் குடைந்து நீர்மின் நிலையம் வைத்திருக்கிறார்கள். தேநீருக்காக ஏரியைத் திறந்துவிடும் இனம் வேறெங்கும் உளதோ?

அமெரிக்க வீட்டில் 240 வோல்ட் இல்லவே இல்லையா என்பது வலிமையான தடை. உண்டு. துணி உலர்த்தும் இயந்திரத்துக்குத் தனி இணைப்பாகக் கொடுத்திருக்கிறார்கள். சட்டைக்கு 240, தேநீருக்கு 120! அரிசோனா வெயிலிலும் துணியை இயந்திரத்தில் சுழற்றுவார்கள். ஆங்கிலேயரோ மழை விடாத நாட்டில் கொடி கட்டித் துணி காயப்போட்டுவிட்டு, ஜன்னலருகே டீக்கோப்பையுடன் வானத்தைப் பார்த்தபடி நிற்பார்கள். வோல்ட் எங்கே போகிறதோ அங்கே மனமும் போகும் என்பது இதனால் பெறப்படும்.

இப்பகை அரசாங்க மட்டத்துக்கும் ஏறியது. 2024 ஜனவரியில் அமெரிக்க வேதியியல் பேராசிரியர் மிஷெல் ஃபிராங்கல், தேநீரில் ஒரு சிட்டிகை உப்பு போட்டால் கசப்பு குறையும் என்றார். வேதியியல்படி சரிதான். பிரிட்டன் துடித்தது. லண்டனிலுள்ள அமெரிக்கத் தூதரகம், உப்பு தங்கள் அரசின் கொள்கையன்று என்று சமாதான அறிக்கை விட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம். முறைப்படி மைக்ரோவேவிலேயே தொடர்ந்து தேநீர் போடுவோம் என்றும் குறும்பாகச் சேர்த்தது. தேநீர் என்றால் கெட்டிலில்தான் என்று பிரிட்டிஷ் அமைச்சரவை அலுவலகம் பதில் கொடுத்தது. இரு தரப்பும் உப்பை மறந்து வோல்ட்டுக்கே வந்து சேர்ந்ததைக் காண்க.

1773-ல் பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டித் தேயிலையைக் கடலில் கொட்டியபோது மின்சாரம் ஏது என்று சிலர் மடக்குவர். காரியம் காரணத்தை முந்திக்கொண்டது என்க. வரலாற்றில் அவசரக்காரர் உண்டு.

எஞ்சியது கனடா. அங்கும் 120 வோல்ட்தான். ஆயினும் வீட்டுக்கு வீடு கெட்டில், நிதானமாகத் தேநீர். இதனைப் புறனடையால் அமைத்துக்கொள்க. ஜப்பானில் 100 வோல்ட்டே இருந்தும் தேநீர் தழைத்தோங்குவதும் அப்புறனடையிலேயே அடங்கும். அடங்காவிடின், அடக்குக.