புதுக் கம்ப்ரசர்க்காரர்

புதுக் கம்ப்ரசர்க்காரரைத் தூரத்திலேயே அடையாளம் கண்டுகொள்ளலாம். பாலிக் புலாவின் உச்சி வெயிலில், நாலு பக்கமும் கண்ணாடியை ஏற்றிவிட்டு, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடியே காடி ஓட்டிப்போகிறவர் அவர்தான். கண்ணாடியை இறக்கினால் காற்று வரும். கூடவே மானமும் போய்விடும். ஏர்கோன் கம்ப்ரசர் மாற்றி இன்னும் மாதம் முடியவில்லையே!

காடி, 1990-களின் தொடக்கத்துப் புரோட்டோன். 1985-இல் பினாங்குப் பாலத்தைத் திறந்துவைத்த அன்றைய பிரதமர் மகாதீர், சிவப்பு நிற சாகாவை ஓட்டிக்கொண்டு பாலத்தைக் கடந்தார் அல்லவா? அதற்குத் தம்பி முறை இது என்றுதான் அறிமுகம் செய்வார். பிரதமர் இறங்கியதும் சாவியை இவர் கையில்தான் கொடுத்துவிட்டுப் போனார் என்று கேட்பவர்கள் நினைத்துக்கொண்டால், அதை மறுக்கவும் மாட்டார்.

அந்தக் காடியில் ஏறுகிறவர்களுக்கு ஒரே ஒரு கடமை. கதவைச் சாத்துமுன் கேள்வி வந்துவிடும்: “எப்படி, ஜில்லுன்னு இருக்கா?” இருக்கிறது என்று சொல்லவேண்டும். நெற்றியில் வேர்வை வழிந்தாலும் சொல்லவேண்டும். “வேண்டாம்ப்பா, குளிர் தாங்கல, கொஞ்சம் குறைச்சு வை” என்று சொன்ன ஒரு சித்திக்கு, அதன்பிறகு எந்தக் கல்யாணத்துக்கும் வாடகை வண்டி தேவைப்படவில்லை. மனைவி மட்டும் பதில் சொல்லமாட்டார். கைப்பையைத் திறந்து பனையோலை விசிறியை எடுப்பார். அது பதில் இல்லையா என்றால், இவரைப் பொறுத்தவரை இல்லை.

நண்பர்களைக் கூட்டிப்போய் ஓட்டிக்காட்டுவதற்கும் நேரம் பார்ப்பார். விடியற்காலை, இல்லாவிட்டால் மழை கொட்டும்போது. மலையடிவாரத்தில் அந்த நேரத்துக்குக் காடியே இல்லாமல் நின்றாலும் உடம்பு சிலிர்க்கும். “பார்த்தீங்களா, கம்ப்ரசர்!” என்பார்.

கோளாறு என்னவோ மிக ஒழுங்கானது. வீட்டிலிருந்து புறப்பட்டால் முதல் கால்மணி நேரம் நிஜமாகவே குளிரும். துன் சார்டன் சாலையில் ஏறி, வளைவுக்குமேல் வளைவு வரும்போது காற்று வெதுவெதுப்பாகி, பிறகு சூடாகிவிடும். வெறுத்துப்போய் ஓரமாக நிறுத்தி, ஒட்டுக்கடையில் ஒரு சாதிக்காய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து முடுக்கினால், மறுபடியும் பனிக்காற்று. ஆக, ஜெலுத்தோங் பக்கத்துப் பட்டறைக்குப் போய்ச் சேரும்போது ஏர்கோன் பிரமாதமாக வேலை செய்யும். போர்மேன் கையை வைத்துப் பார்த்துவிட்டு, “நல்லாத்தானே இருக்கு அண்ணே” என்பார். திரும்பும்போது அதே மலையில் அதே வேர்வை.

கோப்பிக்கடையில் இதற்குக் காரணங்கள் இலவசம். கேஸ் குறைவு என்றார் ஒருவர், ஏற்றினார். கேஸ் கூடிவிட்டது என்றார் அடுத்தவர், இறக்கினார். பழைய ஆர்-12 கேஸ்தான் கேஸ், இப்போது வருவதெல்லாம் சும்மா என்று மூன்றாமவர் பெருமூச்சு விட்டார். ஓசோன் படலத்தை அரிக்கிறது என்று 1987-இன் மொன்ட்ரியல் உடன்பாடு அதற்கு நாள் குறித்ததும், 1990-களின் நடுவில் புதுக் காடிகள் ஆர்-134ஏ-க்கு மாறியதும் அவருக்குத் தனிப்பட்ட இழப்பு. கேஸ் மாறினால் எண்ணெயும் மாறவேண்டும், பழைய எண்ணெய் புதுக் கேஸோடு கலக்காது என்ற ஒரே உருப்படியான சேதியை அந்த மேசையில் யாரும் சொல்லவில்லை. நம்மவரின் முடிவு வேறு: காடிக்கு மலை ஒத்துக்கொள்ளவில்லை.

கம்ப்ரசர்மீது மட்டும் சந்தேகம் விழாது. எப்படி விழும்? ரிகோன் வேண்டாம், புத்தம்புதுசுதான் வேண்டும் என்று வாங்கியது. அதன் அட்டைப்பெட்டிகூடப் பின்கண்ணாடி ஓரமாக, எழுத்து வெளியே தெரியும்படி உட்கார்ந்திருக்கிறது. ஆனால் கம்ப்ரசர் மாட்டிய அன்று நடந்த பேரத்தை அவர் சொல்வதில்லை. “டிரையரையும் மாத்திடுவோம் அண்ணே” என்று போர்மேன் கேட்டபோது, “அந்தச் சின்ன டப்பாவா? குலுக்கிப் பார்த்தேன், நல்லாத்தான் இருக்கு” என்றார். குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் வேக்கம் பம்பு உறிஞ்சவேண்டும், முக்கால்மணி நேரமாவது ஓடவேண்டும் என்றதற்கு, “சின்னக் காடிதானே, பத்து நிமிஷம் போதும்” என்று கடிகாரத்தைப் பார்த்தார்.

அந்தச் சின்ன டப்பாவுக்குள் இருக்கும் மணிகளின் வேலையே ஈரத்தைக் குடிப்பதுதான். குழாயைக் கழற்றிக் காற்றுப் பட்டுவிட்டால் அவை நிறையக் குடித்துவிடும். பிறகு இடம் இருக்காது. மிச்ச ஈரம் கேஸோடு சுற்றி வந்து, எக்ஸ்பென்ஷன் வால்வின் மெல்லிய துவாரத்தில் பனிக்கட்டியாகி அடைத்துக்கொள்ளும். கேஸ் போக வழியில்லை, குளிரும் இல்லை. காடியை நிறுத்தினால் கட்டி கரையும், குளிர் திரும்பும். சாதிக்காய்த் தண்ணீரின் மகிமை இவ்வளவுதான்.

போர்மேன் இதைக் கண்டுபிடிக்கக் கேட்டதும் ஒரே கேள்விதான்: “குளிர் போகும்போது காத்தே குறைஞ்சிடுதா? இல்ல, காத்து அதே வேகத்துல வந்து சூடா இருக்கா?” காற்றே குறைந்தால் கூலிங் காயில் உறைகிறது, தெர்மோஸ்டாட்டைப் பார்க்கவேண்டும். காற்று குறையாமல் சூடானால் வால்வுப் பக்கம். ஒரு வார்த்தையில் பதில் சொல்லலாம். நம்மவர் 1940-க்குப் போய்விட்டார். அந்தக் காலத்து அமெரிக்க பெக்கார்ட் காடியில்தான் முதன்முதலாக ஏர்கோன் வந்தது, அதை அணைக்க வேண்டுமென்றால் இன்ஜினை நிறுத்தி, பானட்டைத் திறந்து, பெல்ட்டைக் கழற்றவேண்டும், தெரியுமா? கதை உண்மைதான். போர்மேன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “காத்து குறையுதா அண்ணே?” என்றார்.

கடைசியில் கேஸின் அழுத்தம் காட்டும் மீட்டரை மாட்டி, இன்ஜினை ஓடவிட்டு, இவரைக் கோப்பி குடிக்கவும் விடாமல் நிறுத்திவைத்தார்கள். நீல மீட்டரின் முள் முப்பது சொச்சத்தில் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து இறங்கத் தொடங்கி, பூஜ்யத்தைத் தொட்டு, அதற்கும் கீழே போனது. காற்று அதே வேகத்தில், சூடாக. நிறுத்தி, ஆறவிட்டு, மறுபடி முடுக்கினார்கள். முள் பழைய இடத்துக்கே வந்தது. யாரும் எதுவும் பேசவில்லை. போர்மேன் அலமாரியிலிருந்து புது டிரையர் ஒன்றை எடுத்துவந்தார். வேக்கம் பம்பு இந்தமுறை முழு நேரமும் ஓடியது.

இப்போது துன் சார்டன் சாலை முழுக்கக் குளிர்கிறது. டுரியான் பருவத்தில் பின்னால் நாலு பழம் ஏற்றிக் கண்ணாடியை மூடிக்கொண்டு வந்ததில், அந்த வாசமும் கூலிங் காயிலுக்குள் குடியேறிவிட்டது. அதையும் சேர்த்தே ஊருக்கு விநியோகிக்கிறார். சித்தி மெய்யாகவே சால்வை போர்த்துகிறார். கேட்பவர்களிடமெல்லாம், “என்ன இருந்தாலும் புதுக் கம்ப்ரசர் புதுக் கம்ப்ரசர்தான்” என்கிறார். டிரையரைப் பற்றி விசாரித்தால், “அதுவா, சும்மா சின்ன சாமான்” என்று பேச்சை மாற்றுகிறார்.

போன வாரத்திலிருந்து ஹாரன் சில நேரம் ஒலிக்கிறது, சில நேரம் ஒலிப்பதில்லை. ஃபியூஸைப் பார்க்கலாமே என்றேன். அவர் ஆல்டர்னேட்டர் விலை விசாரித்துக்கொண்டிருக்கிறார்.